மூட்டை நுழையாத கதவு

சென்னையில வீடு கட்டப்போற தங்கச்சி மகன் போன வாரம் போன்ல கேட்டான். "மாமா, ஆர்க்கிடெக்ட் வெச்சா காசு தண்டமா?" தண்டமில்ல மாப்ள, ஆனா அவர்கிட்ட வாயைத் திறக்காம இருந்தா தண்டம்தான்னு சொன்னேன். நான் பட்டதை வெச்சுத்தான் சொன்னேன்.

மூணு வருசம் முன்னாடி பழைய ஓட்டு வீட்டை இடிச்சுட்டுப் புதுசா கட்டினோம். மகன் ஏற்பாட்டில் ஒரு ஆர்க்கிடெக்ட் வந்தார். என் மகன் வயசுதான், ஆனாலும் படிச்சவராச்சேன்னு சார்னுதான் கூப்பிட்டேன். "ஐயா, வயல்லேர்ந்து எந்த வழியா உள்ள வருவீங்க? அறுவடை முடிஞ்சா நெல்லு எங்க இருக்கும்? சமையல்கட்டுல எத்தனை பேர் நிப்பாங்க?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். வீடு கட்ட இதெல்லாம் எதுக்குன்னு எனக்கு எரிச்சல். "நீங்களே பாத்துப் போடுங்க சார்"னுட்டேன். எங்க வீட்டம்மா ஏதோ சொல்ல வந்தாங்க. "அவர் பேசுறப்ப குறுக்க பேசாத"ன்னு அடக்கிட்டேன்.

பிளான் வந்தது. தலைகீழா பிடிச்சிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்டேன்.

தளம் போட்ட பிறகுதான் கண்ணு திறந்தது. நெல்லு ரூமுக்குக் கூடத்தையும் சமையல்கட்டையும் தாண்டித்தான் போகணும். கதவு இரண்டரை அடி. மூட்டையைச் சுமந்துக்கிட்டு ஆள் நுழைய முடியாது. அவர்கிட்ட சொல்ல வெக்கப்பட்டு, கொத்தனாரை விட்டு வெளிச்சுவரை உடைச்சுப் புதுக் கதவு வெச்சேன். மேல லிண்டல் இல்லை. ஒரே மாசத்துல கதவு மூலையிலேர்ந்து சாய்வா விரிசல் ஓடிருச்சு.

ஆர்க்கிடெக்ட் வந்து பாத்தார். கோபப்படலை. "ஒரு போன் பண்ணியிருக்கலாமே ஐயா"ன்னார். முட்டுக் குடுத்து, லிண்டல் போட்டு, பூசி முடிக்க 30,000 ரூபா ஆச்சு. காகிதத்துல இருந்தப்பவே சொல்லியிருந்தா ஒரு ரப்பர்ல போயிருக்கும். எங்க வீட்டம்மா அப்பத்தான் சொன்னாங்க: "அன்னைக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான்."

பயிருக்கு நோய்னா வேளாண் ஆபீசர்கிட்ட என்னைக்கு நட்டேன், என்ன உரம் போட்டேன்னு எல்லாத்தையும் ஒப்பிக்கிறேன். வீட்டுக்கு மட்டும் ஏன் வாயை மூடினேன்? மரியாதைன்னு நினைச்சேன். அது மரியாதை இல்லை, பயம்.

அதனால மாப்ளைக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். 1972-ம் வருசச் சட்டப்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சில்ல பதிவு பண்ணினவங்கதான் ஆர்க்கிடெக்ட்னு போட்டுக்கலாம். பதிவு நம்பரைக் கேளுங்க. பத்துக்குப் பன்னண்டு ரூம் வேணும்னு ஆரம்பிக்காதீங்க. அந்த ரூம்ல என்ன செய்வீங்கன்னு சொல்லுங்க. கையில எவ்வளவு பணம் இருக்குன்னு ஒளிக்காதீங்க. அடுப்படியில நிக்கிறவங்களையும் மாடிப்படி ஏறமுடியாத பெரியவங்களையும் பக்கத்துல உக்கார வெச்சுப் பேசுங்க. பிளான் புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்க, அதுல கேவலம் இல்லை. வானம் தோண்டுறதுக்கு முன்னாடி தரையில சுண்ணாம்புக் கோடு போடச் சொல்லி, குடும்பத்தோட ஒருதடவை நடந்து பாருங்க. வேலை நடக்கிறப்ப மாத்தணும்னா முதல்ல அவர்கிட்ட சொல்லுங்க, கொத்தனார்கிட்ட இல்லை.

இந்த வருசச் சம்பாவும் அந்த உடைச்ச கதவு வழியாத்தான் உள்ள போச்சு. பூசின இடம் இன்னும் தழும்பா தெரியுது. மூட்டை போறப்பல்லாம் எங்க வீட்டம்மா அதை ஒரு பார்வை பாக்குறாங்க, அப்புறம் என்னை ஒரு பார்வை பாக்குறாங்க.