கல் பொறுக்குவது யார் வேலை?

காரைக்குடிச் சந்தையில் கல் கலந்த அரிசியை விற்றுவிட்டு, "நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள், ஆச்சி" என்று ஒரு கடைக்காரர் சொல்லிப் பார்க்கட்டும், தெரியும் சேதி! ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடை அதைத்தான் சொல்கிறது. 2017 முதல், விளையாட்டொன்றுக்கு 100 டாலர் கட்டினால் எவரும் அங்கே சரக்கை வைக்கலாம். சட்டவிரோதமும் வெறும் வம்பும் தவிர எல்லாம் வரட்டும், வேண்டாததை வாங்குகிறவரே வடிகட்டிக்கொள்ளட்டும் என்று 2018-இல் அதை நடத்தும் வால்வ் கம்பெனியார் அறிவித்துவிட்டார்கள். இதற்குச் சுதந்திரம் என்று பெயராம்!

தடை என்ற சொல்லே எழுதுகிறவனான எனக்கு ஆகாது. ஆனால் பத்திரிகை ஆசிரியர் என் கதையைத் திருப்பி அனுப்பினால் அது தடையா? அவர் வேலையை அவர் செய்கிறார். விற்பனையில் வழக்கமாக நூற்றுக்கு 30 எடுத்துக்கொள்கிற கடைக்காரர் முறத்தையும் கையில் எடுக்க வேண்டாமா? குப்பைக்கடியில் மூச்சுமுட்டிக் கிடப்பவன், வருஷக்கணக்கில் உழைத்து நல்ல விளையாட்டொன்றைச் செய்தவன்தான்.