ஒலிக்கா எழுத்தும் உறவு காட்டும்

நாம் வாழும் தில்லி நகரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘எச்’ என்னும் எழுத்து இடையில் நிற்கிறது. ஆயினும், ‘டெல்லி’ என்று சொல்லும்போது அவ்வெழுத்து ஒலிப்பதில்லை. உருது மொழியில் இந்நகரின் பெயர் ‘தெஹ்லி’. கவிஞர் அமீர் குஸ்ரோவைத் ‘தெஹ்லவி’, அதாவது தில்லியைச் சேர்ந்தவர், என்று அழைப்பர். ஆங்கிலத்தில் மறைந்த ஒலி இச்சொற்களில் தெளிவாகக் கேட்கிறது.

ஒலிக்காத எழுத்துகள் ஆங்கிலத்தில் மிகப் பல. அவற்றை வீண் சுமை எனக் கருதும் மாணவர் பலர், மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். சிலர் பிழையாக ஒலித்தால் பிறர் நகைப்பரோ என்று அஞ்சி வகுப்பில் வாய் திறவாதிருக்கின்றனர். சொற்களை அவற்றின் உறவுச் சொற்களோடு சேர்த்துக் கற்பதே இவ்வச்சத்தைப் போக்கும் வழி என்பது என் கருத்து.

சான்றாக, குறியையும் கையொப்பமிடுதலையும் உணர்த்தும் ‘சைன்’ என்ற சொல்லில் ‘ஜி’ ஒலிப்பதில்லை. அதன் உறவுச் சொற்களான ‘சிக்னல்’, ‘சிக்னேச்சர்’ ஆகியவற்றில் அது ஒலிக்கிறது. தசையைக் குறிக்கும் ‘மசில்’ என்ற சொல்லில் ஒலிக்காத ‘சி’, தசை சார்ந்ததைக் குறிக்கும் ‘மஸ்குலர்’ என்பதில் ககரமாய் ஒலிக்கிறது. கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற சொல் முற்காலத்தில் ‘பி’ இன்றி எழுதப்பட்டது. அதன் இலத்தீன் மூலத்தைக் கருதி அறிஞர் பின்னர் அவ்வெழுத்தைச் சேர்த்தனர். வங்கி அட்டையில் நாம் காணும் ‘டெபிட்’ அதன் உறவுச் சொல்லே.

ஒலிக்கும்படியே எழுதினால் எளிதன்றோ எனச் சிலர் வினவுவர். எழுதுதல் எளிதாகலாம், ஆனால் ‘சைன்’, ‘சிக்னல்’ இரண்டும் ஓரினம் என்பது கண்ணுக்குப் புலப்படாது போகும். ஒலிக்காத எழுத்துகள் யாவும் மெய்யான உறவைக் காட்டுவன அல்ல என்பதும் உண்மையே. தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ என்ற சொல்லில் ‘எஸ்’ தவறான உறவு கருதி நுழைந்ததாகும். ஆகவே, அகராதியின் துணையும் வேண்டும்.

தமிழில் ‘பொன்’, ‘குடம்’ இரண்டும் சேர்ந்து ‘பொற்குடம்’ ஆகும்போது ஒலியோடு எழுத்தும் மாறுகிறது. ஆங்கிலத்திலோ பல சொற்களில் ஒலி மாறினும் எழுத்து மாறுவதில்லை. புணர்ச்சி பயின்ற நமக்குச் சொல்லின் மூலத்தைத் தேடுதல் புதிதன்று. ஒரு சொல்லைத் தனியே கண்டு மருளாமல், அதன் சுற்றத்தோடு கண்டு பழகுவோம்.