உளி பிடித்த கைக்கு இடம் எங்கே?



மாமல்லபுரத்துப் பல்லவர் சிற்பங்களின் அருகே, டிசம்பர், ஜனவரித் திங்களில் சுற்றுலாத் துறை நாட்டிய விழா நடத்துகிறது. கற்பாறையின் பின்னணியில் சதங்கை ஒலி! கலையை நாம் பழிக்கவில்லை. அது யாருக்காக என்றே கேட்கிறோம்.

மன்னனின் விருதுப்பெயரை ஊர் சுமக்கிறது. உளி பிடித்தவன் பெயர் எங்கே? அவனோ உழைப்பாளியை மறந்தானில்லை. கிருஷ்ண மண்டபத்திலே பால் கறக்கும் ஆயனைக் கல்லில் வாழவைத்தான்!

இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் உருவாகின்றன. கார்களில் ஏறிப் பயணியர் விழாவுக்கு விரைகிறார்கள். கார் செய்த தொழிலாளியோ அந்தி வேளையில் ஆலைக்குள்ளே நிற்கிறான். “அவனை வரவேண்டாமென்று தடுத்தவர் யார்?” என்பர் சிலர். தடுக்க ஆள் எதற்கு? இரண்டாம் ஷிப்டின் சங்கு போதாதா?

2007இல் சென்னை சங்கமம் பறையையும் கரகத்தையும் பூங்காவுக்கும் தெருவுக்கும் கொண்டுவந்தது. மனமிருந்தால் கலை மக்களை நாடி வரும் என்பதற்கு அதுவே சான்று. மாமல்லபுரத்துப் பாறை நகராது, பேருந்து நகருமன்றோ? விழா நாட்களில் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பேருந்து விடுக! இரவுப் பணியாளருக்கெனப் பகற்காட்சி ஒன்று வைத்திடுக!

நாம் கேட்பது சலுகையன்று, தோழர்களே. கல் செதுக்கிய கையின் வாரிசுரிமை!