பந்து வட்டமா?

டில்லியோ, புனேயோ, போபாலோ, ஆங்கிலவழிப் பள்ளிகளின் ஒன்றாம் வகுப்பில் அடிக்கடி நடக்கும் காட்சி இது. ஆசிரியை பந்தைக் காட்டி, என்ன வடிவம் என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். "சர்க்கிள்" என்று வகுப்பே கத்துகிறது. இல்லை, "ஸ்பியர்" என்று திருத்துகிறார். பத்து முறை ஒப்பிக்கிறார்கள். மறுநாள் மறுபடியும் "சர்க்கிள்."

பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டுவது சுலபம். ஆனால் பந்து எந்தப் பக்கமும் உருளும், டப்பா படுத்தால்தான் உருளும், தீப்பெட்டி உருளவே உருளாது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. தெரியாதது பெயர் மட்டுமே. போதாக்குறைக்குப் பாடப் புத்தகம் தட்டையானது. அதில் அச்சான பந்து வட்டமாகத்தான் தெரியும். பகடையின் 6 முகங்களில் 3-க்கு மேல் படத்தில் தெரியாது.

மொழியும் காலை வாருகிறது. 'ஃபேஸ்' என்றால் முகம் என்று ஆங்கில வகுப்பில் படித்த குழந்தை, தீப்பெட்டிக்கு 6 'ஃபேஸ்' என்றால் கண், மூக்கைத் தேடாதா? இந்தியில் உருளைக்குப் பெயர் 'பேலன்'. சப்பாத்திக் கட்டையும் அதுவே. தமிழில் 'உருளை' என்ற பெயரிலேயே உருள்வது இருக்கிறது. 'சிலிண்டர்' என்பதற்கும் கிரேக்க மூலத்தில் உருள்வது என்றே பொருள். ஆனால் 6 வயதுப் பிள்ளைக்கு அந்த வார்த்தை சமையல் எரிவாயுவைத்தான் நினைவூட்டும்.

வழி புதிதல்ல. 1837-ல் ஜெர்மனியில் குழந்தைகளுக்கான பள்ளி தொடங்கிய ஃபிரோபெல், மரத்தாலான கோளம், கனசதுரம், உருளை மூன்றையும் பிள்ளைகளின் கையில் கொடுத்தார். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்த மாண்டிசோரியின் முறையில், கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிப் பார்த்தே வடிவத்தைச் சொல்ல வேண்டும். முதலில் கை, பிறகு கண், அதன் பிறகே வார்த்தை.

இதற்குச் செலவும் இல்லை. தீப்பெட்டி, லூடோ பகடை, பந்து, பவுடர் டப்பா, பிறந்தநாள் தொப்பி போதும். முதல் நாள் உருள்வது, சறுக்குவது, அடுக்க முடிவது என்று பிரிக்கட்டும்; வீட்டு மொழியிலேயே சளசளக்கட்டும். அடுத்த நாள் ஆங்கிலப் பெயர், அதோடு "இட் ரோல்ஸ்" போன்ற குட்டி வாக்கியம். மூன்றாம் நாள் டப்பாவைத் தாளில் நிறுத்திச் சுற்றிலும் பென்சிலால் வரையச் சொன்னால் வட்டம் கிடைக்கும். தீப்பெட்டியில் செவ்வகம் கிடைக்கும். பந்தை வைத்து வரைய முயன்றால் அது நழுவி ஓடும். அதற்குத் தட்டையான முகமே இல்லை. வட்டம் வேறு, கோளம் வேறு என்பதை அப்போது யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

2020-ன் தேசியக் கல்விக் கொள்கை, இயன்றவரை குறைந்தது 5-ம் வகுப்புவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. பெற்றோரின் ஆங்கில மோகமோ வேறு திசையில் இழுக்கிறது. இந்த இழுபறி தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆங்கிலவழி வகுப்பிலும் பிள்ளையை அதன் மொழியில் யோசிக்க விடலாம்.

விடாவிட்டால் நஷ்டம் பெரிது. 'சிலிண்டர்' என்று பிழையில்லாமல் எழுதத் தெரியாததற்குக் கணக்கில் மதிப்பெண் போகிறது. நாளடைவில் "எனக்குக் கணக்கு வராது" என்று அந்தப் பிள்ளையே நம்பிவிடுகிறது. வராதது கணக்கு அல்ல, ஒரு வார்த்தை.