நாணயத்தைச் சுமப்பவர்கள்

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்கிறோம். கனம் ஒருவருடையது, மடி மற்றொருவருடையது என்றால் பயம் யாருடையது? பழமொழி அதைக் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண வீட்டில் தங்கியிருந்தேன். கோத்துக் கட்டக் கொடுத்திருந்த கழுத்திரு பத்தரிடமிருந்து வர வேண்டும். வாசலில் இரண்டு கார்கள் நின்றன. போனவரோ வயதான கணக்கப்பிள்ளை. போனது டவுன் பஸ்ஸில். திரும்பி வந்தபோது கையில் ஒரு மஞ்சள் பை. மேலே இரண்டு வாழைப்பூ, அடியில் கழுத்திருப் பெட்டி.

"காரில போனா நாலு பேர் பார்ப்பான். வாழைப்பூவை எவன் பார்க்கிறான்?" என்று சிரித்தார் அவர்.

பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். ஓர் உரு குறைந்தது. வீட்டுப் பிள்ளை, இருபத்தைந்து வயசுக்காரன், எல்லோர் முன்னிலையிலும், "மடியை அவுத்துக் காட்டுங்க" என்றான். பெரியவர் காட்டினார். அரைமணி கழித்து, பெட்டிக்குள் விரித்திருந்த பட்டுத் துணியின் மடிப்பில் உரு அகப்பட்டது. வீடே சந்தோஷப்பட்டது. ஒருவராவது அவரிடம் ஒரு வார்த்தை சொன்னார்களா? இல்லை.

இத்தனைக்கும் இது பணத்தை இடம் பெயர்ப்பதில் உலகத்துக்கே பாடம் சொன்ன சீமை. ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் வட்டிக்கடை வைத்த நகரத்தார், மூட்டை மூட்டையாகப் பணத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டா அலைந்தார்கள்? அங்கே பணம் கட்டினால் ஓர் உண்டியல். இங்கே அந்தக் காகிதத்தைக் கண்டவுடன் பணம். கனத்தையே மடியிலிருந்து இறக்கிவிட்டார்கள். கடல் கடந்த கடையைக் கவனித்த ஏஜெண்டுக்கோ சம்பளத்தோடு லாபத்திலும் ஒரு பங்கு உண்டு. முதலாளியின் நஷ்டம் தன் நஷ்டமும் ஆகும்போது மனிதன் தானே காவல் நிற்கிறான்.

அது பொற்காலம் என்று நான் புலம்பவில்லை. அந்தப் பங்கு பெரும்பாலும் சொந்த சமூகத்தாருக்குத்தான் போயிற்று. உள்ளூரில் பை தூக்கிய கணக்கப்பிள்ளைக்குப் பங்கு இல்லை. விசுவாசம் மட்டும் விதிக்கப்பட்டது. இன்று நாம் அந்தப் பாதியை மாத்திரம் பத்திரமாகப் பாதுகாத்து வருகிறோம்.

ஏ.டி.எம்.மில் பணம் நிரப்ப வரும் வண்டியைப் பாருங்கள். 2018ல் மத்திய உள்துறை அமைச்சகம் மாதிரி விதிகள் வகுத்தது. ஒரு வண்டியில் ஒரு தடவைக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. துப்பாக்கிக் காவலர் இருவர் வேண்டும். நகரத்தில் இரவு 9 மணிக்கு மேலும், கிராமத்தில் மாலை 6 மணிக்கு மேலும் பணம் நிரப்பலாகாது. ஊழியரின் பூர்வோத்திரத்தைத் தீர விசாரிக்க வேண்டும். எல்லாம் நல்ல விதிகள்தாம். சுமப்பவனைச் சந்தேகிக்க இத்தனை வழி கண்டவர்கள், அவனைப் பங்காளியாக்க ஒரு வழி யோசித்தோமா?

2015 நவம்பரில் டில்லியில், காவலர் வண்டியைவிட்டு இறங்கிய சில நிமிஷங்களில், வண்டி ஓட்டியவரே 22.5 கோடி ரூபாயோடு மறைந்தார். மறுநாளே பிடிபட்டார், சில ஆயிரங்கள் நீங்கலாகப் பணமும் மீண்டது. துப்பாக்கி வெளியே இருப்பவனை நோக்கித்தான் நிற்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவனின் மனத்துக்குக் காவல் எது?

"திருட்டுக்கு நியாயம் கற்பிக்கிறீரா?" என்று சீறுவீர்கள். இல்லை. திருட்டு திருட்டுத்தான். என் கணக்கு வேறு. தினம் கோடிகளைத் தொட்டுவிட்டு, பள்ளிக்கூடச் சம்பளத்துக்குக் கடன் கேட்கப் போகிறவர்கள் ஆயிரமாயிரம் பேர். அவர்களில் அபூர்வமாக ஒருவர் ஓடினால் தலைப்புச் செய்தி போடுகிறோம். ஓடாத மற்றவர்களைப் பற்றி நமக்கு ஆச்சரியமே இல்லையே, ஏன்? தமிழில் நாணயம் என்றால் காசு, நேர்மையும் அதுதான். முதல் நாணயத்தை எண்ணிப் பார்த்து வாங்குகிற நாம், இரண்டாவதை இனாமாக வாங்குகிறோம்.

அந்தக் கணக்கப்பிள்ளை மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போல் வேலைக்கு வந்தார். "என்ன விசுவாசம் பாருங்கள்!" என்று வீட்டார் என்னிடம் மெச்சிக்கொண்டார்கள். எனக்கென்னவோ, அவருக்குப் போக்கிடம் இல்லை என்பதுதான் தெரிந்தது.