சுவர் ஊறுது, கொம்பனி வொறன்ரி விக்குது

சுவர் ஈரத்துக்குப் பத்து வருச வொறன்ரி என்று யாராவது வந்தால் காசைக் குடுத்திடாதேங்கோ. ஏன் என்பதை நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டின் பின் அறைச் சுவரை வைத்தே சொல்கிறோம்.

நாங்கள் ஐந்து பேர். கம்பஸுக்குக் கிட்ட, திருநெல்வேலியில், ஒரு அன்ரியின் வீட்டில் பின்பக்கத்து இரண்டு அறைகளில் இருக்கிறோம். மாரி தொடங்கினால் பின் அறைச் சுவர் தரையிலிருந்து இடுப்பளவுக்கு ஊறும். பெயின்ற் கொப்புளித்து உரியும், உள்ளே வெள்ளையாய் உப்புப் பூத்திருக்கும். சுவரோரம் அடுக்கின போட்டோக்கொப்பிகள் பூஞ்சணம் பிடித்ததைக்கூடச் சகிக்கலாம். எங்களில் ஒருத்திக்கு இழுப்பு இருக்கிறது. கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் அவள் முன் விறாந்தையில்தான் படுக்கிறாள்.

போன கார்த்திகையில் ஈரக்கசிவு வேலை செய்கிற ஒரு கொம்பனியின் ஆள் வந்தார். சுவரில் ஒரு மீற்றரின் இரண்டு ஊசிகளையும் குத்தினார், அது கீச்சிட்டது. "பாருங்கோ அன்ரி, ஃபுல்லாய்க் காட்டுது." பத்து நிமிடத்தில் கணக்கும் வந்தது: வேலைக்கு 185,000 ரூபா, அதோடு 38,000 கட்டினால் பத்து வருச உத்தரவாதம். அன்ரிக்கு அது சீட்டுக் காசு. அந்தத் தாளை எங்களிடம் நீட்டி, "கம்பஸ் பிள்ளையள் தானே, வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றா.

முதலில் அந்த மீற்றரைப் பற்றி. அது தண்ணீரை நேராக அளப்பதில்லை. இரண்டு ஊசிக்கும் இடையில் மின்சாரம் எவ்வளவு இலகுவாய் ஓடுகிறது என்பதைத்தான் அளக்கிறது. அதன் கணக்கு மரத்துக்குப் போட்ட கணக்கு. உப்பேறின சுவரில் உப்பே மின்சாரத்தைக் கடத்தும். அதனால் ஈரம் கொஞ்சமாய் இருந்தாலும் அது கூடத்தான் கீச்சிடும்.

தாள் நாலு பக்கம், முழுக்க ஆங்கிலம். வீட்டுக்கு வந்தவர் தமிழ், விளம்பர நோட்டீஸ் தமிழ், "கவலையில்லாமல் தூங்குங்கள்" என்ற வாக்கியமும் தமிழ். கையெழுத்து வைக்க வேண்டிய இடம் மட்டும் ஆங்கிலம். 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது என்று நாங்கள் பரீட்சைக்கு எழுதுகிறோம். அது அரசாங்கக் கந்தோருக்கு. பெயின்ற் கொம்பனிக்கு அந்தக் கட்டாயம் இல்லை, வெட்கமும் இல்லை.

பிரதியை எப்படி வாசிப்பது என்று மூன்று வருசமாய்ப் படிக்கிறோம். ஒரு பிரதியில் காசு தங்கியிருந்தது இதுதான் முதல் தடவை. நிலத்திலிருந்து ஏறுகிற ஈரம் சேராது. உப்பால் வருகிற பாதிப்பு சேராது. கட்டடம் இருந்து இறங்குவதால் வருகிற வெடிப்பு, குழாய் ஒழுக்கு, வெள்ளம், 'கடவுளின் செயல்', ஒன்றும் சேராது. வருசா வருசம் கொம்பனி ஆளைக் கூப்பிட்டுக் காசு கட்டிச் சோதிப்பிக்க வேண்டும், ஒரு வருசம் தவறினாலும் உத்தரவாதம் செத்துப்போகும். எல்லாம் சரியாய் இருந்து சுவர் திரும்ப ஊறினால் பூச்சு வாளி இலவசம், கூலி எங்களது. ஊறினது எதனால் என்று தீர்மானிப்பவர் யார்? கொம்பனியின் ஆள்தான், அவர் சொல்வதே முடிவு.

வாசித்து முடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தோம். தரையிலிருந்து இடுப்பு வரை ஈரம், மேலே உப்பு. அதாவது அன்ரிக்கு இருக்கிற வருத்தத்தைத் தவிர மற்ற எல்லாத்துக்கும் மருந்து!

லண்டனில் இருக்கிற அன்ரியின் தம்பி வட்ஸ்அப்பில் சத்தம் போட்டார்: "அக்கா, கட்டாயம் எடுங்கோ. இஞ்ச அது இல்லாட்டி வீடே விக்கேலாது." அவர் சொல்வது முழுப் பொய்யில்லை. பிரித்தானியாவில் பழைய வீடு வாங்கும்போது ஈரத் தடுப்பு வேலைக்கான உத்தரவாதத்தைக் கேட்பது வழக்கம். 20, 30 வருசத்துக்கும் குடுப்பார்கள், வீட்டோடு அடுத்த சொந்தக்காரருக்கும் போகும். ஆனால் அங்கே விசயம் தெரிந்தவர்கள் இன்னொன்றும் கேட்பார்கள்: வேலை செய்த கொம்பனி மூடுப்பட்டால் யார் பொறுப்பு? அதுக்குத் தனியாய்க் காப்புறுதி எடுக்கலாம். எங்களுக்கு வந்த தாளில் மூன்றாம் ஆள் ஒருவருமில்லை. 2022இல் எத்தனை கடைகள் பூட்டுப்பட்டன என்று பார்த்த சனம் நாங்கள். பத்து வருசத்துக்கு அந்தப் போர்ட் தொங்குமா என்று முதலில் கேட்க வேண்டாமா?

"சட்டம் இருக்குத்தானே" என்று எங்கள் வகுப்பு நண்பன் ஒருத்தன் சொன்னான். இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அதிகாரசபையிடம் முறையிடலாம், 1977க்கு அழைக்கலாம். ஆனால் உத்தரவாதத்தின் பேரில் முறையிடுவதென்றால், குடுத்த உத்தரவாதத்தை மீறியிருக்க வேண்டும். எதையுமே உத்தரவாதம் செய்யாத தாளை எப்படி மீறுவது?

அடுத்த ஒழுங்கையில் இருக்கிற மேசன் ஐயாவைக் கூட்டிவந்தோம். அவர் அறைக்குள் வரவே இல்லை. வெளியால் சுற்றிப் போய், பின் முற்றத்துக் கொங்கிறீட்டில் காலை வைத்து, "இதை எப்ப போட்டனியள்?" என்றார். நாலு வருசத்துக்கு முதல், சேறு மிதிக்காமல் இருக்கப் போட்டது. ஊறத் தொடங்கினதும் அதுக்குப் பிறகுதான். அத்திவாரத்துக்கு மேல் தார் பூசி டி.பி.சி. போடுவது நிலத்து ஈரம் சுவருக்கு ஏறாமல் இருக்க. முற்றத்தை அதுக்கு மேல் உயர்த்தினால் ஈரம் தாரைச் சுற்றிப் பக்கவாட்டால் ஏறிவிடும். போதாததுக்கு, பின் பத்தித் தகரத்துக்குப் பீலியே இல்லை. கூரைத் தண்ணீர் முழுக்கக் கொங்கிறீட்டில் விழுந்து சுவரில் தெறிக்கிறது. ஊரில் எத்தனை வீட்டு முற்றம் இப்படி உயர்ந்திருக்கிறது என்று ஒருக்கால் பாருங்கோ.

இந்தச் சுவரில் உள்ளுக்கு நீர்புகாப் பூச்சு அடித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஈரத்துக்கு வெளியேற வழி இல்லாமல் இன்னும் மேலே ஏறியிருக்கும், இல்லாவிட்டால் பூச்சையே தள்ளிக்கொண்டு வந்திருக்கும். பழைய நாற்சார் வீடுகளின் சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை மூச்சுவிட விடும். சீமெந்துக்கு மேல் பிளாஸ்ரிக் பூச்சு விடாது.

மழை நேரத்தில் விற்பனைக்கு வருவதும் தற்செயல் இல்லை. ஊறின சுவரைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். அதே தாளில் 'காய்ந்த சுவரில் மட்டுமே பூச வேண்டும்' என்றும் இருக்கிறது. கார்த்திகையில் யாழ்ப்பாணத்தில் காய்ந்த சுவர்!

ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். கொங்கிறீட் பிளாட் கூரைக்கு நீர்த்தடுப்புச் செய்தால், கூலியும் பொருளும் இரண்டும் சேர்த்து, விலக்குகள் இல்லாமல், தமிழில் எழுதித் தந்தால் யோசிக்கலாம். அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதில் விவாதம் இல்லை.

அன்ரி வொறன்ரி எடுக்கவில்லை. மார்கழியில் மழை விட்ட இரண்டு நாளில் மேசன் ஐயா சுவரோரமாய் ஒரு அடி அகலத்துக்குக் கொங்கிறீட்டை வெட்டி, தார் மட்டத்துக்குக் கீழே தோண்டிச் சல்லி நிரப்பினார். தகரத்துக்குப் பீலி போட்டார். எல்லாமாய் 43,000 ரூபா. சுவர் இன்னும் முழுக்கக் காயவில்லை, அதையும் மறைக்கவில்லை. ஒரு அங்குலச் சுவருக்கு ஒரு மாதம் என்பது கட்டடக்காரரின் கணக்கு. இது ஆறங்குலக் கல். ஆனால் அதுக்குப் பிறகு பெய்த மழைக்கு ஈரக்கோடு மேலே ஏறவில்லை, பென்சிலால் கீறி வைத்திருக்கிறோம். பொங்கலுக்கு பெயின்ற் அடிப்பமோ என்று அன்ரி கேட்டா. ஆனி மட்டும் பொறுக்கச் சொல்லியிருக்கிறோம்.

போன கிழமை கொம்பனிக்காரர் திரும்ப அழைத்தார், மாதக் கடைசி வரைக்கும் கழிவாம். அன்ரி ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "தம்பி, அந்தத் தாளைத் தமிழில அனுப்பும், பிறகு கதைப்பம்" என்றா. இன்னும் வரேல்லை.