ஜேவாக்கிங்கும் சாவுகிராக்கியும்

ஆவடிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் ஊரில் பாதிப் பேர் டக்கென்று ஒரு பதில் வைத்திருப்பார்கள். "ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் அண்ட் டிப்போ ஆஃப் இந்தியா... அதோட சுருக்கம்தான் ஆவடி." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டாங்கி தொழிற்சாலை வந்தது 1960களில். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோதே அந்த ஊர் ஆவடிதான்!

ஜேவாக்கிங் என்ற சொல்லுக்கும் இப்படி ஒரு ஜோடித்த கதை உண்டு. சாலையை நேராகக் கடக்காமல் ஆங்கில 'ஜே' எழுத்து மாதிரி வளைந்து போவதால் அந்தப் பெயராம். அதெல்லாம் இல்லை. 'ஜே' என்பது ஒரு பறவை. நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கக் கொச்சையில், பட்டணத்துக்கு வந்து திருதிருவென்று முழிக்கும் பட்டிக்காட்டானுக்கு அந்தப் பெயர். அதாவது ஜேவாக்கர் என்றால் 'நடக்கத் தெரியாத நாட்டுப்புறத்தான்'. சுத்தமான வசவு.

வேடிக்கை என்னவென்றால், 1905 வாக்கில் கன்சாஸ் பக்கம் 'ஜே டிரைவர்' என்றும் ஒரு சொல் இருந்தது. ஓட்டத் தெரியாமல் ஓட்டுபவனைத் திட்ட. அந்தச் சொல் செத்துவிட்டது, நடப்பவனைத் திட்டும் சொல் மட்டும் பிழைத்துக்கொண்டது. ஏன்?

1923-ல் சின்சினாட்டி நகரத்தில் 42,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டு ஒரு கோரிக்கை வைத்தார்கள். கார்கள் மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓட முடியாதபடி எந்திரத்திலேயே பூட்டுப் போட வேண்டும் என்று. கார் வியாபாரிகள் ஆடிப்போனார்கள். பெரும் பிரசாரம் செய்து வாக்கெடுப்பில் அதைத் தோற்கடித்தார்கள். அதற்குப் பிறகு நாடு முழுக்க அவர்கள் பிடித்துக்கொண்ட வார்த்தைதான் ஜேவாக்கிங். அடித்தது கார், தப்பு நடந்தவன் மேல்! 1925-ல் லாஸ் ஏஞ்சலஸ் அதைச் சட்டமாகவே ஆக்கியது. வணிகவியல் படிப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், செலவை அடுத்தவன் கணக்கில் பற்று எழுதிய கதை.

தமிழில் இதற்குச் சொல் உண்டா? 'சாலை கடத்தல்' என்று எழுதினால் யாரோ சாலையைத் திருடிக்கொண்டு போன மாதிரி இருக்கிறது :-) ஆனால் சென்னைத் தெருவில் ஒரு சொல் இருக்கிறது. சாவுகிராக்கி! கிராக்கி என்றால் வாடிக்கையாளர், ஆட்டோக்காரர்கள் சவாரிக்குச் சொல்வது. சாவுக்கு வந்த சவாரி. கூடவே "வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்ற விசாரிப்பும் இலவசம். கன்சாஸில் பிறந்த அதே புத்திதான் இதிலும்.

ஆவடியில் சி.டி.எச். சாலையும் ரயில் பாதையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தால் 1989 ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அது நியாயமே. ரயில் நினைத்த இடத்தில் நிற்காது, ஒதுங்கவும் முடியாது.

பஸ்ஸும் லாரியும் அப்படியா? பிரேக் இருக்கிறது. சிக்னல் இல்லாத ஜீப்ரா கோட்டில் வண்டிதான் நின்று வழிவிட வேண்டும் என்று 2017 ஓட்டுநர் விதிமுறைகள் சொல்கின்றன. அப்படி ஒரு வண்டி நின்று பார்த்தவர்கள் கை தூக்கலாம்! 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்த பாதசாரிகள் 32 ஆயிரத்துக்கும் மேல். இத்தனை பேருமா பட்டிக்காட்டான்கள்?

பாலம் கட்டிவிட்டோமே, ஏறிப் போக வேண்டியதுதானே என்பார்கள். காய்கறிப் பையோடு முழங்கால் வலிக்காரப் பாட்டி ஒரு மாடி உயரம் ஏறி இறங்க வேண்டும், வண்டிக்காரர் மட்டும் வேகத்தைக் கூடக் குறைக்க வேண்டாம். இதுதான் ஏற்பாடு.

அந்தச் சொல்லைப் பெற்ற நாடே இப்போது பின்வாங்குகிறது. கலிஃபோர்னியாவில் 2023-லிருந்து, உடனடி ஆபத்து இல்லாவிட்டால் குறுக்கே கடந்தவரைப் போலீஸ் பிடிக்கக் கூடாது. நியூயார்க் நகரம் 2024-ல் அதைக் குற்றப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. ஆவடியில் அந்தப் பாட்டி இன்னும் திட்டு வாங்கிக்கொண்டுதான் கடக்கிறார்.